தெருவுல நிக்கிற காருக்கு என்ன பூட்டு போடலாம்? (ஒயர் வெட்டாம, 3000 ரூபாய்க்குள்ள)

#1 தெருவோர_பார்க்கிங் · ஞாயிறு இரவு 10.40

வணக்கம் மக்களே. போன வாரம் எங்க பக்கத்துத் தெருவுல ஒரு ஐ10 காணாமப் போச்சு. உடைஞ்ச கண்ணாடித் துண்டுகூட கீழ இல்ல. ராத்திரி தூறல் போட்டு மூணரை மணிவாக்குல விட்டிருக்கு. அஞ்சரைக்குப் பால் வாங்க வந்தவர் பார்த்தா ரோடு முழுக்க ஈரம், வண்டி நின்ன இடத்துல மட்டும் காஞ்ச செவ்வகம். அதைப் பார்த்ததுல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல.

என்னோடது 2012 ஸ்விஃப்ட் பெட்ரோல், செகண்ட் ஹேண்ட். மடிப்பாக்கத்துல வாடகை வீடு. கேட்டுக்குள்ள ஹவுஸ் ஓனர் வண்டி மட்டும்தான் நிக்கும், நம்மது தெருவுல வேப்பமரத்தடி.

ஜிபிஎஸ், அலாரம், ஆப் எதுவும் வேண்டாம். போன தடவை ஒருத்தர் ஸ்டீரியோ மாட்டுறேன்னு ஒயரை வெட்டி, அதுல இருந்து இண்டிகேட்டர் போட்டா ஹார்ன் முனகுது. கையால பூட்டணும், கண்ணால பார்த்து நம்பணும். 3000 ரூபாய்க்குள்ள என்ன செய்யலாம்?

#2 ராத்திரி_ரவுண்ட்ஸ் · 10.52

கியர் லாக். கியர் லீவரை நகரவிடாமப் பூட்டுற இரும்பு. ஜி.பி. ரோடு போங்க, கார் சாமான் கடைத்தெரு. முடிஞ்சுது.

#3 வைகைக்கரை_மெக்கானிக் · 11.30

தம்பி, 30 வருஷமா வண்டிக்கு அடியில படுத்தே காலம் போச்சு. அதனால கொஞ்சம் நீளமாத்தான் பேசுவேன், பொறுத்துக்க.

அம்பாசடர், பத்மினி காலத்துல பூட்டு சட்டைப் பையிலதான் இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் தூக்கி ரோட்டாரை உருவிக்கிட்டுப் போயிருவாங்க. கட்டைவிரல் அளவு சாமான். அது இல்லன்னா செல்ஃப் சுத்தும், வண்டி உசுரு பிடிக்காது. எங்க முதலாளி சினிமாவுக்குப் போறப்பவும் அதை உருவிக்கிட்டுத்தான் போவாரு. இடைவேளையில முறுக்கு வாங்கப் பையில கையை விட்டா விரலெல்லாம் கரி.

இப்ப அந்த வேலைக்கு ஃப்யூயல் பம்ப் ரிலே இருக்கு, டாங்க்ல இருந்து பெட்ரோல் ஏத்துற பம்புக்குக் கரண்ட் விடுற சுவிட்ச். ஃப்யூஸ் பாக்ஸ் மூடியிலயோ வண்டி கூட வந்த புத்தகத்துலயோ எது எங்கன்னு படம் போட்டிருக்கும். அந்தக் கருப்பு டப்பியை உருவிட்டா பம்ப் ஓடாது. லைன்ல மிச்சமிருக்கிற பிரஷர்ல ஒரு உறுமு உறுமினாலும் அடுத்த நிமிஷம் நின்னுரும். ஒயர்ல கையே வைக்கல, செலவும் இல்ல. ஆனா தினமும் உருவிச் சொருகினா சாக்கெட் லூசாயிரும். ஊருக்குப் போய் நாலஞ்சு நாள் நிறுத்துறப்ப செய். திருடன் கையில ரிலே வச்சிருக்க மாட்டானான்னு கேப்பாங்க. வச்சிருக்கலாம். ஆனா எது இல்லன்னு அவன் முதல்ல தேடணும், இருட்டுல, பானெட்டைத் தூக்கி வச்சுக்கிட்டு.

பேட்டரி டெர்மினல்ல திருகுற கட்-ஆஃப் ஒண்ணு விக்குது, அதுவும் நல்லதுதான். ஸ்டீரியோ செட்டிங்கும் கடிகாரமும் போயிரும், அவ்வளவுதான். ஆனா ஸ்டாப் கேபிளை இழுத்து அணைக்கிற பழைய டீசல் வண்டிக்கு அதை நம்பாத. பேட்டரியே இல்லாம நாலு பேர் தள்ளினா ஸ்டார்ட் ஆகும், ஆயிட்டா ஓடுறதுக்குக் கரண்டே தேவையில்ல.

#4 பொறுமை_இல்லாதவன் · திங்கள் காலை 7.15

கியர் லாக்னு சொல்றவங்க எல்லாம் ஒண்ணை மறக்கறாங்க. ரிவர்ஸ்ல போட்டுப் பூட்டினா வண்டி ரிவர்ஸ்ல போகும்ல? கிளட்ச்சை மிதிச்சா தள்ளவும் செய்யலாம். கேபிள் கியர் வண்டின்னா பானெட்டைத் திறந்து கியர்பாக்ஸ் மேல இருக்கிற கேபிளைக் கழட்டினா, உள்ள லாக் இருந்தும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான்.

ஸ்டீயரிங்ல குறுக்க மாட்டுற ராடு இன்னும் மோசம். ராடு என்னமோ கெட்டி இரும்புதான். ஆனா அது பிடிச்சிருக்கிற வளையம்? ரப்பருக்குள்ள மெல்லிசா ஒரு உலோகக் கம்பி, அவ்வளவுதான். ஹாக்ஸா பிளேடு வச்சு ரெண்டு இழுப்பு இழுத்தா வளையம் பிளந்துக்கும், ராடு கழண்டு கையில வந்துரும்.

#5 வைகைக்கரை_மெக்கானிக் · 8.05

நீ சொல்றதெல்லாம் நிஜம்தான் அப்பு. ஆனா ஒரு கணக்கைச் சேர்த்துப் போடு. ரிவர்ஸ்லயே மடிப்பாக்கத்துல இருந்து எம்புட்டு தூரம் போவான்? வெட்டின ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு சிக்னல்ல நின்னா பக்கத்து ஆட்டோக்காரன் பார்க்க மாட்டானா? பூட்டுன்னா உடையத்தான் செய்யும். எத்தனை நிமிஷம், எம்புட்டு சத்தம், இதுதான் கேள்வி.

கேபிள் விஷயத்துக்கு பானெட் லாக் இருக்கு. கியர் லாக்கும் அதுவும் சேர்ந்தாத்தான் ஜோடி.

#6 அடையாறு_அம்மிணி · 9.20

ராடு வாங்குறவங்க, ஓட்டும்போது அதை எங்க வைக்கறீங்கன்னு யோசிச்சுக்கங்க. என் வீட்டுக்காரர் டிரைவர் சீட்டுக்கு அடியில வச்சிருந்தார். ஒருநாள் பல்லாவரம் பாலத்துல இறங்குறப்ப பிரேக் போட்டதும் அது முன்னால உருண்டு வந்து, பிரேக் பெடலுக்கும் தரைக்கும் நடுவுல குறுக்கப் படுத்துடுச்சு. ரெண்டாவது தடவை மிதிச்சா பெடல் பாதியில நிக்குது. ஹேண்ட் பிரேக்கைப் பிடிச்சு இழுத்ததுல தப்பிச்சோம். திருடன்கிட்ட இருந்து வண்டியைக் காப்பாத்தப் போய் வண்டிகிட்ட இருந்து எங்களைக் காப்பாத்த வேண்டியதாப் போச்சு. இப்ப டிக்கியில போட்டுப் பூட்டறோம்.

#7 ஸ்காபரோ_அண்ணன் · 10.10

வணக்கம் தம்பியவை. நான் இருக்கிறது கனடாவில, ரொறன்ரோ பக்கம். இஞ்ச கார்க் களவு உங்கட பிரச்சினையைவிட வேற மாதிரி. கண்ணாடியும் உடைக்கிறேல்லை, திறப்பும் (நீங்கள் சொல்லுற சாவி) வேண்டாம். ஹைலேண்டர், சிஆர்வி, லெக்ஸஸ் எண்டு பார்த்துப் பார்த்துத் தூக்கி, கொண்டெயினருக்குள்ள ஏத்தி மொன்றியல் துறைமுகத்தால அனுப்பிப் போடுவாங்கள். 2024 மாசியில இதுக்கெண்டே அரசாங்கம் ஒரு தேசிய மாநாடு கூட்டினது.

வீட்டு வாசலடியில திறப்பு கிடந்தால் காணும். ஒருத்தன் கதவுக்குக் கிட்ட ஒரு பெட்டியைப் பிடிச்சுக்கொண்டு நிப்பான், மற்றவன் காருக்குப் பக்கத்தில. திறப்பின்ர சிக்னலை நீட்டிப் பெருப்பிச்சுக் காரை ஏமாத்துறது. இதுக்கு நல்ல மருந்து பட்டர் பிஸ்கற் வாற நீலத் தகர டின். உங்கட வீட்டிலயும் ஒண்டு இருக்கும், உள்ள ஊசியும் நூலும் கிடக்கும். அதைக் கொட்டிப்போட்டுத் திறப்பைப் போட்டு மூடுங்கோ. மூடினவுடன நம்பிப் போடாதேங்கோ. டின்னைக் கையில பிடிச்சுக்கொண்டு காரடிக்குப் போய்க் கதவை இழுத்துப் பாருங்கோ. திறந்தால் அந்த டின் சரியில்லை. மற்றத் திறப்பையும் போட மறக்கக் கூடாது.

பகிடி என்னெண்டால், 2024 இல ரொறன்ரோவின்ர எற்றோபிக்கோவில நடந்த ஒரு கூட்டத்தில பொலிஸ்காரர் ஒருவர், திறப்பை முன்கதவடியிலேயே வையுங்கோ, அப்பத்தான் கள்ளன் உள்ளுக்கு வந்து உங்களை அடிக்க மாட்டான் எண்டு சொல்லி ஊரே சிரிச்சது.

#8 தெருவோர_பார்க்கிங் · 10.31

அண்ணா, என் ஸ்விஃப்ட்ல சாவியைப் போட்டுத் திருகினாத்தான் ஸ்டார்ட் ஆகும். எனக்கு டின் வேணுமா?

#9 ஸ்காபரோ_அண்ணன் · 10.40

உங்களுக்கு டின் தேவையில்லை. பட்டன் அமத்திற காருக்குத்தான். ஆனால் இஞ்சயும் இப்ப டின்னோட விடுறாங்கள் இல்லை. முன் விளக்கடியில வயரைப் பிடிச்சு, அதுக்குள்ளால காரின்ர மூளைக்குப் பொய் சொல்லித் திறக்கிற வேலை வந்திட்டுது. 2022 இல லண்டனில ஒருத்தரின்ர ராவ்4 இப்பிடித்தான் போனது. அவர் கார் இலத்திரனியல் ஆராயிற ஆள். தானே தேடி வெளியில கொண்டந்தார். அதுக்குப் பிறகு நானும் ஸ்ரியரிங்கில மஞ்சள் தடியைக் கொழுவிப் போட்டுத்தான் படுக்கிறன். லட்ச டொலர் கார், முப்பது வருசத்துக்கு முந்தின தடி.

#10 கணக்குப்பிள்ளை · 12.15

அந்த மஞ்சள் தடிக்கு ஒரு இருண்ட பக்கம் இருக்கு. 1998-ல ஐயன் ஏர்ஸ், ஸ்டீவன் லெவிட்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல லோஜாக் கருவியைப் பத்தி ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. லோஜாக்ங்கறது வண்டிக்குள்ள எங்கயோ ஒளிச்சு வைக்கிற சிக்னல் கருவி. எந்த வண்டியில இருக்குன்னு திருடனுக்குத் தெரியாததால ஊர்ல இருக்கிற எல்லா வண்டிக்கும் பாதுகாப்பு கூடுது. ஸ்டீயரிங் தடி அப்படி இல்ல, வெளியில பளிச்சுனு தெரியும். திருடன் உங்க வண்டியை விட்டுட்டு அடுத்த வண்டிக்குப் போவான். அதாவது நீங்க காசு குடுத்து வாங்குறது பாதுகாப்பு இல்ல, திருடனைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புற சீட்டு.

#11 பொறுமை_இல்லாதவன் · 12.22

பக்கத்து வீட்டுக்காரர் தினமும் என் கேட் முன்னாடிதான் வண்டியை நிறுத்தறாரு. எனக்கு சம்மதம்.

#12 கணக்குப்பிள்ளை · 12.50

சிரிப்பு வந்துடுச்சு. ஆனா இதோட இன்னொரு பாதி இருக்கு, அது இழை தொடங்கின நண்பருக்கு நேரடியா சம்பந்தப்பட்டது.

சாவியை எடுத்ததும் ஸ்டீயரிங் டக்குனு பூட்டிக்குதே, அந்த சாதாரணப் பூட்டு, அதை மேற்கு ஜெர்மனியில 1960களின் தொடக்கத்துல கட்டாயமாக்கினாங்க. புது வண்டிக்கு மட்டும் இல்ல, ரோட்டுல ஓடுற பழைய வண்டிக்கும். திருட்டு சட்டுனு இறங்குச்சு. பிரிட்டன்ல 1971-ல கொண்டு வந்தாங்க, ஆனா புது வண்டிக்கு மட்டும். என்ன ஆச்சு? புது வண்டி தப்பிச்சுது, திருடங்க எல்லாரும் பழைய வண்டி பக்கம் திரும்பிட்டாங்க. ஒரே பூட்டு, ரெண்டு நாடு.

இப்ப உங்க தெருவைப் பாருங்க. புது வண்டிக்காரங்க கம்பெனியில இருந்தே எல்லாம் போட்டு எடுக்கறாங்க. நடுவுல ஒரு 2012 ஸ்விஃப்ட் பூட்டு இல்லாம நிக்குது. பிரிட்டன்ல நின்ன அந்தப் பழைய வண்டி நீங்கதான்.

#13 ராத்திரி_ரவுண்ட்ஸ் · 1.05

அதான் கியர் லாக்னேன்.

#14 சில்லறை_சேகரிப்பு · 3.40

எல்லாரும் முழு காரைப் பத்தியே பேசறீங்க. நம்ம ஊர்ல பாதி நேரம் காணாமப் போறது துண்டு துண்டாத்தான். எங்க அண்ணன் எர்டிகாவுல ஸ்டெப்னி வண்டிக்கு அடியில தொங்கும். ஒரு ராத்திரியில யாரோ இறக்கி உருட்டிக்கிட்டுப் போயிட்டான். அது தெரியாம ஒன்றரை மாசம் ஓட்டியிருக்கார். திண்டிவனம் தாண்டி பஞ்சர் ஆனப்பதான் குனிஞ்சு பார்த்தாரு, வெறும் கொக்கி ஆடுது. இப்ப வீலுக்கு நடுவுல சங்கிலியை விட்டு ஒரு திண்டுக்கல் பூட்டு. மழைத் தண்ணி ஏறி துருப்பிடிக்காம இருக்க பூட்டு மேல சைக்கிள் டியூப் துண்டு ஒண்ணு சுத்தியிருக்கார்.

ஈக்கோ வச்சிருக்கவங்களுக்கு சைலன்சர் கவலை. உள்ள இருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்ல பிளாட்டினம், பலேடியம், ரோடியம்னு சொற்பமா இருக்கும், அதுக்காகவே கழட்டறாங்க. குஜராத் பக்கம் இதுக்குன்னே கும்பல் பிடிபட்டிருக்கு. அலாய் வீல் இருந்தா வீலுக்கு ஒண்ணுன்னு பூட்டு நட் போடுங்க. அதோட சாக்கெட்டை வண்டிக்குள்ள, நீங்க மறக்காத இடத்துல வைங்க. பஞ்சர் கடையில நின்னுக்கிட்டு வீட்டுக்கு போன் போட்ட அனுபவம் எனக்கு உண்டு.

இன்னொண்ணு, கண்ணாடியில நம்பர் பொறிக்கிறது. ஸ்டென்சில் ஒட்டி பேஸ்ட் தடவி எல்லாக் கண்ணாடியிலயும் ஓரத்துல நம்பரைப் பதிச்சுடலாம். வண்டியைத் திருடி நம்பர் மாத்தி விக்கணும்னா அத்தனை கண்ணாடியையும் மாத்தணும். 2019 ஏப்ரல்ல இருந்து வர்ற வண்டிக்கு கழட்டினா உடையிற பூட்டு வச்ச நம்பர் பிளேட்டு கம்பெனியிலேயே வருது, நம்ம பழைய வண்டிக்கு இன்னும் ரெண்டு ஸ்க்ரூதான். திருப்புளி இருந்தா குழந்தையும் கழட்டும்.

#15 நடத்துநர் (இழைப் பொறுப்பு) · 4.10

இம்மொபிலைசரை (சரியான சாவி இல்லாம இஞ்சினை ஓட விடாத எலக்ட்ரானிக் பூட்டு) ஏமாத்துறது எப்படின்னு படிப்படியா விளக்கின ஒரு பதிவை நீக்கியிருக்கேன். பாதுகாக்கிற வழியை மட்டும் பேசுங்க.

#16 பாலிசி_பார்வதி · 6.30

இன்சூரன்ஸ் பக்கம் வேலை பார்த்தவ. சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா வண்டி போன பிறகுதான் எல்லாரும் இதைக் கேக்கறாங்க.

தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தா திருட்டுக்கு ஒரு பைசா வராது. நம்ம வண்டிக்கே பணம் தர்ற ஓன் டேமேஜ் சேர்த்த பாலிசி வேணும். ஏஆர்ஏஐ (இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம்) அங்கீகாரம் உள்ள திருட்டுத் தடுப்புக் கருவி போட்டா ஓன் டேமேஜ் பிரீமியத்துல 2.5 சதவீதம் தள்ளுபடின்னு பழைய மோட்டார் டாரிஃப்ல இருக்கு, உச்சவரம்பு 500 ரூபாய். அதனால பூட்டு வாங்கறதுக்கு முன்னாடி அந்தச் சான்றிதழ் தருவாங்களான்னு கேளுங்க. தெருமுனைக் கடை ராடுக்கு எதிர்பார்க்காதீங்க.

முக்கியமானது சாவி. கிளெய்ம் போட்டா ரெண்டு ஒரிஜினல் சாவியையும் கேப்பாங்க. செகண்ட் ஹேண்ட் வாங்கினவங்களுக்கு இங்கதான் இடிக்கும். தெருவோர_பார்க்கிங், உங்ககிட்ட எத்தனை சாவி இருக்கு? பாலிசி உங்க பேருக்கு மாறிடுச்சா? வண்டி கை மாறின 14 நாளைக்குள்ள மாத்தச் சொல்லி எழுதிக் குடுக்கணும்.

#17 தெருவோர_பார்க்கிங் · 6.48

பேர் மாத்தியாச்சு மேடம். சாவி… ஒண்ணுதான். வித்தவர் இன்னொண்ணு "வீட்ல எங்கயோ இருக்கு, தேடித் தர்றேன்"னு சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு.

#18 பாலிசி_பார்வதி · 6.55

அப்போ நீங்க பூட்டைத் தேடறதுக்கு முன்னாடி அந்தச் சாவியைத் தேடுங்க.

#19 மதிலுக்குள்ள · 8.20

யாழ்ப்பாணத்தில இருந்து. 2020 பங்குனியில வாகன இறக்குமதியை நிப்பாட்டி, தனியார் கார் திரும்ப வர 2025 மாசி ஆச்சு. அந்த அஞ்சு வருசமும் எங்கட பழைய விற்ஸ் கார் நகை மாதிரி. அப்பா செய்த வேலை: மதிலைப் பார்த்து முகத்தைக் குடுத்து விடுறது, பின்னுக்கு மோட்டச்சைக்கிள் குறுக்க, அதுக்குச் சங்கிலி. காரை எடுக்க முதல் மோட்டச்சைக்கிளை எடுக்க வேணும். விடிய எங்களுக்கே பத்து நிமிசம் போகும். எங்கட நாய் வேற, ஆரைக் கண்டாலும் வாலாட்டும்.

#20 அடையாறு_அம்மிணி · 8.45

நாய் பத்தி சொன்னதும் ஞாபகம் வருது, திருடனை விட எங்க வண்டியைத் தின்னது எலி. பானெட்டுக்குள்ள புகையிலை மூட்டை கட்டித் தொங்க விட்டிருக்கேன். அது தனி இழைக்கான விஷயம், மன்னிக்கவும்.

#21 தெருவோர_பார்க்கிங் · புதன் இரவு 9.30

பக்கத்துத் தெரு ஐ10 கதை வெளிய வந்துடுச்சு. எதிர்வீட்டு கேமராவுல பதிவாகியிருக்கு.

அன்னைக்கு ராத்திரி கரண்ட் கட். புழுக்கத்துக்கு ஹால் ஜன்னலைத் திறந்து வச்சுட்டுப் படுத்திருக்காங்க. கம்பி இருக்கு, அதனால தைரியம். நாலு மணி பத்து நிமிஷத்துக்கு ஒருத்தன் வர்றான். கையில முருங்கைக்காய் பறிக்கிற மாதிரி ஒரு கழி, நுனியில கம்பியை வளைச்சுக் கட்டியிருக்கான். துறட்டியேதான். ஜன்னல் வழியா விடறான். டிவிக்குப் பக்கத்துல சுவத்துல சாவி மாட்டுற பலகை, மீன் வடிவத்துல, கல்யாணத்துல யாரோ குடுத்தது. அதுல இருந்து சாவியைத் தூக்கி மெதுவா வெளிய இழுக்கறான். நடுவுல ஒரு தடவை கீழ விழுது, அப்படியே அசையாம நிக்கறான், அப்புறம் திரும்பவும் மாட்டி எடுக்கறான். எல்லாம் சேர்த்து நாலு நிமிஷம். நம்ம தெரு நாய் பக்கத்துல உக்காந்து வேடிக்கை பார்க்குது. பிறகு கதவைத் திறந்து, சீட்டை முன்னுக்கு இழுத்துச் சரி பண்ணி, இண்டிகேட்டர் போட்டு வலது பக்கம் திரும்பிப் போறான்.

#22 பொறுமை_இல்லாதவன் · 9.36

இண்டிகேட்டர் போட்டானா?? அந்தத் தெருவுலயே முதல் ஆள் அவனாத்தான் இருப்பான்.

#23 வைகைக்கரை_மெக்கானிக் · 10.02

இம்மொபிலைசர், அலாரம், சென்ட்ரல் லாக்கு எல்லாம் அவனுக்கு சலாம் வச்சிருக்கும், ஒரிஜினல் சாவியில்ல. அந்த வண்டியில ஒரு கியர் லாக் இருந்து, அதோட சாவி வேற கொத்துல இருந்திருந்தா திரும்ப ஜன்னலுக்கு வந்திருக்கணும். ரெண்டு சாவியையும் ஒரே வளையத்துல கோக்கிறவங்கதான் அதிகம். கோக்காதீங்க. ஆக்டிங் டிரைவர்கிட்டயோ வண்டி கழுவுறவர்கிட்டயோ குடுக்கிறப்பவும் இஞ்சின் சாவியை மட்டும் குடுங்க.

#24 கணக்குப்பிள்ளை · 10.20

இந்தியாவுல பெரிய கும்பல்கள் இஞ்சின் கம்ப்யூட்டரையே கையில கொண்டு வந்து மாத்தி ஓட்டிட்டுப் போறதா டெல்லிப் பக்கம் பல கேஸ் பதிவாகியிருக்கு. அவங்களுக்கு எலக்ட்ரானிக் பூட்டு பொருட்டே இல்ல. அவங்ககிட்டயும் சரி, துறட்டி ஆள்கிட்டயும் சரி, குறுக்க நிக்கிறது ஒரு இரும்புத் துண்டுதான். பக்கத்து வீட்டுக்கு அனுப்புற சீட்டுன்னு சொன்னதை நான் வாபஸ் வாங்கல. ஆனா நாளைக்கு நானும் ஒண்ணு வாங்கப் போறேன்.

#25 ராத்திரி_ரவுண்ட்ஸ் · 10.21

ஜி.பி. ரோடு.

#26 தெருவோர_பார்க்கிங் · சனி மாலை 6.15

அப்டேட். கியர் லாக் மாட்டியாச்சு, 1800 ரூபாய். கடைக்காரர் கன்சோலைக் கழட்டி தரையில போல்ட் போட்டார். முறுக்கிக்கிட்டே வந்து ஒரு கட்டத்துல டிக்னு போல்ட் தலை ஒடிஞ்சு விழுந்துச்சு. உடைச்சுட்டாரேன்னு பதறிட்டேன். அப்படித்தான் செஞ்சிருக்காங்களாம், தலை இல்லன்னா ஸ்பேனர் பிடிக்க முடியாது. அந்த ஒடிஞ்ச தலையை டாஷ்போர்டுல வச்சிருக்கேன். பானெட் லாக் அடுத்த மாசம்.

வித்தவர்கிட்டயும் போனேன். ரெண்டாவது சாவி அவர் பையனோட விளையாட்டு சாமான் கூடையில இருந்துச்சு. பாலிசி மேடத்துக்கு நன்றி.

#27 வைகைக்கரை_மெக்கானிக் · 6.40

நல்லது தம்பி. முதல் வாரம் ரிவர்ஸ்ல போட்டுப் பூட்டினதை மறந்துட்டு காலையில லீவரை இழுத்து வளைச்சிராத. எல்லாரும் செய்யிறதுதான்.

#28 தெருவோர_பார்க்கிங் · திங்கள் காலை 9.50

அதுக்கு வாய்ப்பே வரல அண்ணே. துறட்டிக் கதையைக் கேட்டதுல இருந்து எங்கம்மா ஹால்ல ஒரு சாவியையும் வைக்க விடறதில்ல. ராத்திரி எல்லாத்தையும் வாங்கி சமையல் ரூம்ல ஏதோ டப்பாவுல போட்டு ஒளிச்சுடறாங்க, தினம் ஒரு டப்பா. இன்னைக்கு விடியற்காலை அஞ்சு மணி பஸ்ஸுக்கு காஞ்சிபுரம் போயிட்டாங்க. போன் அடிச்சா எடுக்கல, கோயில்ல இருப்பாங்க போல. அரிசி, உளுந்து, துவரம்பருப்பு மூணும் பார்த்தாச்சு. ஆட்டோல வந்துட்டிருக்கேன். சட்டைக் கை முழுக்க மாவு.